அரிசி மில்லில் ஒரு ஜில்லா போர்டு ரயில்

நெடுவாய்க்கரை அரிசி மில்லின் பின்பக்கக் கிடங்கில் ரயில் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிற நாகநாதனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், மேசையைச் சுற்றி வந்தான், பொருந்தியிருந்த தண்டவாளத்தையே மறுபடி அழுத்திப் பார்த்தான்.

முந்தாநாள் வரை அவனைப் போல நிம்மதியான மனிதன் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. ஊரெல்லாம் கூலிச் சண்டை. அறுப்புக்கு வெளியூர் ஆள் வந்தால் செங்கொடி ஊர்வலம். ஊர்வலம் வந்தால் பின்னாலேயே போலீஸ் வேன். அந்த எழுபத்தொன்றாம் வருஷத்தில் கீழத்தஞ்சையில் தூக்கம் கெடாதவர்கள் கொஞ்சம் பேர்தான், அதில் நாகநாதன் ஒருவன். பகலில் மில் எஞ்சினோடு மல்லுக்கட்டுவான். வேலை முடிந்ததும் கைகழுவிவிட்டு நேரே கிடங்கு. அங்கே அவனுடைய ரயில் காத்திருக்கும்.

விளையாட்டு ரயில் என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டு, சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி ஓட்டிய பழைய மீட்டர்கேஜ் லைனில், திருத்துறைப்பூண்டி முதல் முத்துப்பேட்டை வரைக்கும் உள்ள துண்டு அது. நிஜத்தில் ஓரடிக்கு மேசையில் அரைக்கால் அங்குலம், எட்டில் ஒரு பங்கு என்று கணக்கு. குடைக்கம்பிதான் தண்டவாளம், மூங்கில் சிம்புதான் குறுக்குக் கட்டை, பிஸ்கட் தகரம்தான் பெட்டிகள். எஞ்சினுக்குள் இருக்கிற மோட்டார் மட்டும் சிங்கப்பூர் சரக்கு. முத்துப்பேட்டை ஜவுளிக்கடை அப்துல் ஜலீல் கப்பலில் வரும்போது பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. எதிர் ஸ்டேஷன் 'லைன் கிளியர்' கொடுக்காமல் வண்டி நகராது. இரண்டு ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் அவனே என்றாலும், மேசையின் அந்தக் கோடிக்கு நடந்து போய், மணியடித்து, திரும்பி வந்துதான் வண்டியை எடுப்பான். கம்பெனி சட்டம் கம்பெனி சட்டம்தான்.

நடுவில் உள்ள வயல்வெளியைச் சுருக்கிக்கொண்டான். கிடங்கு எவ்வளவு நீளம் இருந்துவிடப் போகிறது? நெடுவாய்க்கரையை மட்டும் ஒரு முழம்கூடச் சுருக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். ஒரு புளியமரம் குறைந்தாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

சண்டைக்கு வரவில்லை அம்சம். சும்மாதான் கேட்டாள். மில் களத்தில் நெல் காயவைக்கிறவள், சாக்கு எடுக்க முந்தாநாள் உள்ளே வந்தாள். ஸ்டேஷனைக் கண்டுபிடித்தாள். மில்லைக் கண்டுபிடித்தாள். மிராசுதார் வீட்டு மாடியையும், அவருடைய பம்புசெட்டையும், பம்புசெட்டிலிருந்து ஓடுகிற வாய்க்காலையும் விரலால் தொடர்ந்து வந்து, ரயில் மேட்டுக்குக் கிழக்கே விரலை நிறுத்தினாள். அங்கே பச்சைச் சாயம் போட்ட மரத்தூள்தான் இருந்தது.

"எங்க தெரு எங்கங்க?" என்றாள்.

வைக்க வேண்டும் என்று நாகநாதன் முனகினான்.

"வைங்க, வைங்க. நாத்தெல்லாம் வரிசையா நட்டு வச்சிருக்கீங்க. நட்டவ எங்க போயி படுப்பா?" சிரித்துக்கொண்டே சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அப்போது பிடித்தது இந்த இருப்புக்கொள்ளாமை.

வேண்டுமென்று விட்டதல்ல. அதுதான் அவனை அரித்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லைனோடு நடந்து, கட்டையை எண்ணி, மதகை அளந்து செய்தவன் அவன். தந்திக் கம்பம் ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் நெடுவாய்க்கரை வளைவு வந்தால் மேற்கே இறங்கிவிடுவான். பம்புசெட்டில் தண்ணீர் குடிப்பான், வரப்போடு போவான், வளைவு தாண்டிய பிறகுதான் மறுபடி மேடேறுவான். கிழக்கே தெரு இருப்பது தெரியாதா? தெரியும். ஊரில் அந்தத் தெருவைச் சேராத யாருமே அந்தப் பக்கம் இறங்க மாட்டார்கள். பிழைக்க வந்த இவனும் வந்த நாளிலிருந்து அப்படியே நடந்தான். ஏன் என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

மறுநாள் காலை மிராசுதார் ரெத்தினம் கிடங்குக்கே வந்தார். மில் அவருடையது, கிடங்கு அவருடையது, தெரு இருக்கிற மனைக்கட்டும் அவருடையது. நாலு வருஷம் முன்பு வரை கதர் வேட்டி. இப்போது கறுப்பு சிவப்புக் கரை. ஆட்சி மாறினால் வேட்டி மாறும், நிலம் மாறாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில்தான் இப்போது மண் விழுந்திருந்தது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. தெருக்காரர்கள் மனுக் கொடுத்துவிட்டார்கள். விசாரிக்கத் தாசில்தார் வருகிறார்.

நாளை மத்தியானம் தாசில்தாருக்குத் தன் வீட்டில்தான் சாப்பாடு, சாப்பிட்டதும் ரயில் பார்க்க அழைத்து வருகிறேன் என்று ரெத்தினம் சொன்னார். மனுஷனுக்கு ரயில் என்றால் உயிராம். பிறகு மேசையின் கிழக்குப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம், நாகநாதா. ரயிலை ஓட்டு, போதும். மீதிய நான் பேசிக்கிறேன்."

அவர் போன பிறகுதான் இவனுக்கு விளங்கியது. அந்தக் குடிசைகள் போன அறுப்புச் சமயத்தில் சங்கத்துக்காரர்கள் கொண்டுவந்து இறக்கியவை, அதற்கு முன் அங்கே தெருவே கிடையாது என்று ரெத்தினம் பத்து நாளாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளை அவர் ஆள். தெருக்காரர்கள் கையில் ஒரு துண்டு ரசீது கிடையாது. இனி என்ன வேண்டும்? ஒரு புளியமரத்தைக்கூட விடாத நாகநாதனே தெருவை வைக்கவில்லையே என்று தாசில்தாரிடம் விரலை நீட்டிக் காட்டினால் போதும்.

வீட்டில் மனைவி கமலவல்லி மீன் அரிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். இரண்டு பேருமே முத்துப்பேட்டைக் கடலோரத்துக் குடும்பம்.

"நம்ம தெருவை வச்சீங்களா?"

வைத்திருந்தான். மேசையின் முத்துப்பேட்டைக் கோடியில், படகு கவிழ்த்துப் போட்டது, கொசுவலைத் துணியைக் கிழித்து மீன்வலையாகக் காயப்போட்டது வரைக்கும் வைத்திருந்தான்.

அவள் அடுத்த மீனை எடுத்து அரியத் தொடங்கினாள். மில் வேலை போனால் என்ன செய்வது என்று அவன் கேட்கவில்லை. இருவருக்கும் விடை தெரிந்த கேள்வி அது. படகுக்குத் திரும்ப வேண்டும், படகோ விற்றாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கிடங்குக்குப் போய் அட்டை வெட்டினான். வைக்கோலைப் பொடியாக நறுக்கிக் கூரை வேய்ந்தான். பத்துக் குடிசை ஆனதும் பச்சை மரத்தூளின் மேல் வரிசையாக ஒட்டி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். மற்ற வீடுகளிலெல்லாம் நாலு வருஷத்துத் தூசி. இந்தக் கூரை மட்டும் பளபளவென்று, நேற்று முளைத்த மாதிரியே நின்றது. ரெத்தினம் சொல்லுவதும் அதைத்தானே! பசை காய்வதற்குள் அத்தனையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். இனி நம் கையில் ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தான்.

சொன்னபடியே மத்தியானம் வந்தார்கள். தாசில்தார் நாற்பது வயதுக்காரர். விழுப்புரம் ரயில்வே யார்டுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். மேசையைப் பார்த்ததும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். குனிந்தார், முட்டி போட்டார், தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார். ரெத்தினம் அவர் பின்னாலேயே நடந்து, ஊரின் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். கடைசியில் கிழக்குப் பக்கம் வந்ததும், குரலை உயர்த்தாமல், "பாத்துக்குங்க. இவன் ஒரு தந்திக் கம்பத்தை விடமாட்டான். இருந்தா வச்சிருப்பான்ல?" என்றார்.

தாசில்தார் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒரு தெரு முழுக்க ஆடிப்போயிற்று என்று நாகநாதனுக்குத் தோன்றியது. ரயிலை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்.

மணியடித்தான். லைன் கிளியர் வாங்கினான். வண்டி திருத்துறைப்பூண்டியை விட்டுக் கிளம்பியது. தகர எஞ்சினுக்குள் விசில் வைக்க இடமில்லை என்பதால், ஊத வேண்டிய இடத்தில் நாகநாதனே வாயில் ஒரு பித்தளை ஊதலை வைத்து ஊதுவான். எங்கே ஊதுவது என்பதற்கு லைன் ஓரத்தில் விசில் போர்டு இருக்கும். நிஜ லைனில் எங்கெங்கே போர்டு நிற்கிறதோ, மேசையிலும் அங்கங்கே குண்டூசியில் நிற்கும். பாலத்துக்கு முன் ஊதினான். கேட்டுக்கு முன் ஊதினான். நெடுவாய்க்கரை வளைவு நெருங்கியது. அவன் யோசிக்கவில்லை, போர்டு வந்தது, நீளமாக ஊதினான்.

தாசில்தார் கையைத் தூக்கினார். நாகநாதன் வண்டியை நிறுத்தினான்.

"இங்க எதுக்கு ஊதினீங்க? கேட்டு இல்லை, பாலம் இல்லை."

"பழக்க தோஷம்ங்க," என்றார் ரெத்தினம். "ஊதிட்டான்."

ஆமாம் என்று சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். நாகநாதன் அந்தக் குண்டூசியையே பார்த்தான். நாலு வருஷமாக அந்த இடத்தில் ஊதிக்கொண்டிருக்கிறான். யாருக்காக ஊதுகிறோம் என்று இன்றைக்குத்தான் ஒருவர் கேட்கிறார்.

"பழக்கம் இல்லைங்க. போர்டு இருக்கு," என்றான். "ஆளுங்க லைனைத் தாண்டுற இடம்."

"யாரு?"

"தெரு ஆளுங்க. காலையில வயலுக்குப் போறப்போ, பொழுதோட திரும்புறப்போ. மேட்டுக்குக் கிழக்கால அவங்க தெரு இருக்குங்க."

"மேசையில இல்லையே."

"நான் வைக்கலைங்க. அந்தப் பக்கம் நான் இறங்குனதே இல்ல."

ரெத்தினத்தின் முகத்தை அவன் பார்க்கவில்லை. தாசில்தார் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். நிஜ லைனில் அந்தப் போர்டு இப்போதும் நிற்கிறதா, எதில் செய்தது என்று கேட்டார். பழைய தண்டவாளத் துண்டை நட்டு அதில் மாட்டியது, துண்டின் பக்கவாட்டில் கம்பெனியின் எழுத்து இன்னும் அழியவில்லை என்று நாகநாதன் சொன்னான். தாசில்தார் ரெத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

"போன அறுப்புக்கு வந்த குடிசைக்கு, வெள்ளைக்காரன் கம்பெனி அப்பவே போர்டு நட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க," என்றார் சிரிக்காமல்.

ரெத்தினம் சண்டை போடவில்லை. தாசில்தார் செருப்பை மாட்டும்வரை பொறுத்திருந்து, நாகநாதன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு நெல்லு மூட்டை வருது. கிடங்கு காலியா இருக்கட்டும்."

வெயில் இறங்குவதற்குள் தாசில்தார் லைனோடு கிளம்பிவிட்டார். வழிகாட்ட நாகநாதன் முன்னால் போனான். போர்டைத் தடவிப் பார்த்தார்கள். வளைவு வந்ததும் அவன் கால்கள் தாமாக மேற்கே இறங்கின. பின்னாலிருந்து தாசில்தார், கிழக்கே என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்க, பாதிச் சரிவில் நின்று, வெட்கத்தோடு மறுபடி மேலேறி, அந்தப் பக்கம் இறங்கினான்.

தெருவைப் புதிது என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது. கிணற்றுக் கல்லில் கயிறு உரசிய பள்ளங்களில் விரல் முழுதாகப் புதைந்தது. வாசலுக்கு வாசல் தென்னை, அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை விழும் உயரம். தாசில்தார் ஒவ்வொரு வீடாக நின்று விசாரித்து எழுதிக்கொண்டு போனார். அம்சம் தன் வீட்டு வாசலில் இருந்து நாகநாதனைப் பார்த்து, "வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

பட்டா கைக்கு வர வருஷமாகலாம், சர்க்கார் காரியம். ஆனால் போன அறுப்புக் குடிசை என்ற பேச்சு அன்றோடு நின்றது.

மில் வேலை போகவில்லை; அந்த எஞ்சினைத் தொடத் தெரிந்தவன் வேறு ஆள் இல்லை. கிடங்கு போயிற்று. மறுநாள் காலையில் நாகநாதன் போவதற்குள், மேசையில் இருந்த கோரையாற்றுப் பாலத்தின் மேல் நெல் மூட்டை ஏறி உட்கார்ந்திருந்தது. திருத்துறைப்பூண்டிக் கோடியைக் கழற்றக்கூட முடியவில்லை. மிஞ்சியது நெடுவாய்க்கரைத் துண்டும் முத்துப்பேட்டைத் துண்டும். இரண்டையும் மாட்டுவண்டியில் ஏற்றி அப்துல் ஜலீல் கடையின் பரணில் போட்டான். ஓட்ட இடமில்லை. கடைக்குள் ரயில் விட்டால் துணி யார் வாங்குவது என்று ஜலீல் கேட்டது நியாயம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனால் வீட்டில் உட்கார முடியவில்லை. கமலவல்லி, போய்த் தொலையுங்கள் என்று சொல்லாத குறை. லைனோடு நடந்து, வளைவில் கிழக்கே இறங்கி, தெருவின் முதல் வீட்டிலிருந்து காலடி வைத்து அளக்க ஆரம்பித்தான். ஒரு அடி, ஒரு அரைக்கால் அங்குலம். பிள்ளைகள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தார்கள். நடுத்தெருவில் அம்சம் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னாங்க பண்றீங்க?"

"அளக்குறேன்."

"மேசைதான் போயிட்டுதாமே?"

"போயிட்டுது."

"அப்புறம் அளவு எதுக்கு?"

நாகநாதன் அடுத்த காலடியை வைக்கப் போனான். பேச்சுக்குள் எண்ணிக்கை மறந்துவிட்டது. பிள்ளைகளைக் கேட்டான், ஆளுக்கொரு எண் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் முதல் வீட்டு வாசலுக்குத் திரும்பிப் போய், ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.