நாணயம் சுண்டும் முன்

லிசாந்த்ரோ வேரா அதை இணையத்தில் தன் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுதியிருந்தான். படத்தில், பள்ளிக்கூட வெள்ளை அங்கி போட்ட அவன் மகள் அவன் தோளில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஞாயிறு கால்பந்து ஆட்டத்தில், நடுவராக நான் செர்ரோ அணிக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்திருந்தேன். அவர்கள் தோற்றார்கள். அவன்தான் கேப்டன்.

'மாலை வகுப்பு முடிஞ்சு பஸ்ஸுக்குத் தனியாத்தானே நடந்து போற? ஒரு நாள் நாங்க நாலு பேரும் சேர்ந்து உனக்கு விசில் ஊதக் கத்துக்கொடுக்கிறோம்' என்று தொடங்கியது. நடந்ததை நடந்தபடி டைரியில் எழுதிவைப்பது என் பழக்கம். அதற்குப் பின் வந்த வரிகளை மட்டும் எழுதக் கை வரவில்லை. வரிகளுக்குக் கீழே பலர் சிரித்திருந்தார்கள்.

மறுநாள் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் வழக்கறிஞர் என் கைப்பேசியை வாங்கி முழுவதும் படித்தார். முகம் சுளித்தார். பிறகு கேட்டார்.

"நேர்ல சொன்னானா?"

"இல்ல, எழுதினான்."

"மேட்ச் முடிஞ்சு எப்ப?"

"அன்னிக்குச் சாயங்காலமே."

"அதாம்மா சிக்கல். கோபத்துல சொன்னத மிரட்டல்னு நீதிபதிங்க எடுத்துக்கறதில்ல. தோத்த கடுப்புல எழுதிட்டான்னு அவன் வக்கீல் ஒரு வார்த்த சொல்வார், கேஸ் அங்கேயே படுத்துரும்."

"அப்ப கோபம் வந்தா என்ன வேணா எழுதலாமா?"

"நான் அப்படிச் சொல்லல. இணையத்துல மிரட்டுறவங்களுக்குச் சட்டத்தக் கடுமையாக்கணும்னு மசோதா போட்டிருக்காங்க. அது எப்ப சட்டமாகும்னு மட்டும் என்னக் கேக்காதீங்க."

வெளியே பேக்கரிச் சீருடையோடு ஜோர்ஜி காத்திருந்தாள். நடுவர் பயிற்சி வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரி. என் ஆட்டங்களுக்குக் கோட்டு நடுவரும் அவள்தான்.

"அவன் வண்டிக் கண்ணாடிய உடைச்சிருவோமா?"

"புதுசு மாட்டிக்குவான், ஜோர்ஜி."

"அப்ப பல்லு."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவன் பல்லைப் பற்றி யோசித்தேன். இறங்கி நடக்கும்போது, பின்னால் வரும் காலடிகளைப் பற்றி.

வழி வகுப்பில் கிடைத்தது. ஆட்டத்துக்கு முன் மைதானத்தைப் பார்வையிட உள்ளே நுழைந்ததுமே நடுவரின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது என்று அந்த வாரம் படித்தோம். எங்கள் லீகில் யாரும் இதை நம்புவதில்லை. எண்ணெய்க் கிணற்று வேலை முடிந்து ஞாயிறன்று ஆட வருகிறவர்கள். முதல் விசிலுக்கு முன் சொன்னது எதுவும் கணக்கில் வராது என்பது அவர்கள் விதி. நாணயம் சுண்டும்போது கேப்டன்கள் நடுவரைக் கிண்டலடிப்பார்கள். நடுவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். யாருமே கோபப்படாத ஒரே நேரம் அது.

லீக் செயலாளரிடம் செர்ரோ அணியின் அடுத்த ஆட்டத்தைக் கேட்டு வாங்கினேன். சொல்ல வேண்டியதைக் குளியலறைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். அவனைச் சீண்டக்கூடிய சொற்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். கடைசியில் மூன்று கேள்விகள் மிஞ்சின.

இது பொறி வைப்பதா என்று டைரியில் எழுதினேன். 'இல்லை' என்று சொல்ல அவனுக்கு வழி திறந்தேதான் இருக்கிறது என்று அடுத்து எழுதினேன். அவன் மன்னிப்புக் கேட்டுவிடுவானோ என்பதுதான் என் பயமாக இருந்தது. அப்படிப் பயப்படுகிறவளாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பயந்தேன்.

ஞாயிறன்று வழக்கமான காற்று. நடுவட்டத்தில் வேரா, துறைமுக அணியின் கேப்டன் ஒயார்சோ, என் இரு பக்கமும் ஜோர்ஜியும் இன்னொரு கோட்டு நடுவர் பெனீத்தெஸும்.

"பெனால்டியெல்லாம் வீட்டுலயே வச்சிட்டு வந்தியா, கண்ணு?" என்றான் வேரா. ஒயார்சோ சிரித்தார். வழக்கப்படி நானும் சிரித்தேன்.

"என் மேல இன்னும் கோபமா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"கோபமா? மாத்தே டீ குடிச்சு, ரெண்டு மெதியாலுனா ரொட்டி தின்னுட்டு ராஜா மாதிரி வந்திருக்கேன்."

"அன்னிக்கு எனக்கு எழுதினது நீங்கதானா?"

"என் பேரப் படிக்கத் தெரியாதா உனக்கு? நான்தான்."

"செய்யணும்னு நினைச்சுத்தான் எழுதினீங்களா?"

அவன் ஒயார்சோவைத் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் அவன் ஒரு சொல்லில் தப்பித்திருக்கலாம். ஆனால் ஒயார்சோ பல்லைக் காட்டியபடி அவன் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த இளிப்புக்கு முன்னால் அவனால் பின்வாங்க முடியவில்லை.

"சொன்னா செய்வேன். வகுப்பு என்னிக்கு, வியாழனா? வியாழனே வச்சுக்கலாம். பஸ் நிறுத்தத்துல நில்லு." சிரித்துக்கொண்டே சொன்னான். ஒயார்சோவும் சிரித்தார்.

சிவப்பு அட்டையை எடுத்தேன்.

"ஏய், ஆட்டமே ஆரம்பிக்கல."

"உங்க அணி பதிலாள் ஒருத்தர இறக்கிக்கலாம், பதினோரு பேர் குறையாது" என்றேன். விதி அது; விதியைச் சொல்லாமல் விட எனக்கு வராது.

அவன் கெட்ட வார்த்தைகளைக் கொட்டியபடி வெளியே போனான். அவை எனக்குத் தேவைப்படவில்லை. கோபத்தில் சொன்னவை.

ஆட்டம் முடிந்ததும் ஒயார்சோ எங்களைப் பார்க்காமல் பையைத் தூக்கினார்.

"நீங்க கேட்டீங்கல்ல, அவன் சொன்னத?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலம்மா. இந்தக் காத்துல என்ன கேக்கும்?"

"கேக்காமலா சிரிச்சீங்க?" என்றாள் ஜோர்ஜி. "நீங்க சிரிச்சத நானும் பெனீத்தெஸும் பாத்தோம். நாங்க சாட்சி சொல்லும்போது அதையும் சேத்துச் சொல்லணும்ல, ஒயார்சோ?"

அந்த வாரமே அவர் வந்து சாட்சி சொன்னார். வெட்கத்தாலா, செர்ரோ அணியின் கேப்டன் மைதானத்துக்கு வெளியிலேயே இருக்கட்டும் என்றா, தெரியாது. நானும் கேட்கவில்லை.

அந்தப் பெண் வழக்கறிஞர் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "சிரிச்சிட்டேதான் சொன்னானா? கிழமையும் இடமும் அவனாவே சொன்னானா?" பிறகு முதல் தடவையாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். "அதே ஆளு, அதே பேச்சு. முன்னாடியே என்னால இத எடுத்திருக்க முடிஞ்சிருக்கணும்" என்றார், திரையைப் பார்த்தபடியே.

முதல் விசாரணைக்கு வேரா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பின்வரிசையில் அவன் மனைவியும் தாயும். அவனுடைய வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் மனம் வருந்துவதாகவும், எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்கத் தயார் என்றும், சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நீதிபதி என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றேன்.

வேரா அன்று முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "மைத்தேன், எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றான், என் பெயரைச் சொல்லி.

"தெரியும். படத்துல பாத்தேன்."

குற்றச்சாட்டைப் படிக்க வேண்டிய கட்டம் வந்தது. அவன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னான். வக்கீல் மறுபடி எழுந்தார். "குடும்பத்தினர் இருக்காங்க, ஐயா. படிச்சதா வச்சுக்கிட்டு மேல போகலாமே."

"உங்களுக்கு ஆட்சேபணை இருக்காம்மா?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

"இருக்கு, ஐயா. முழுசும் படிக்கட்டும்."

பெண் வழக்கறிஞர் எழுந்து படித்தார். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. பஸ் நேர அட்டவணையைப் படிப்பது போலப் படித்தார். என்னால் எழுத முடியாமல் போன வரிகள் ஒவ்வொன்றாக அந்த அறைக்குள் வந்தன. அவன் தாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மனைவி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவனுடைய பின்கழுத்தையே பார்த்தபடி இருந்தாள். எனக்குக் கூசும் என்று நினைத்திருந்தேன். கூசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் காதுகள் சிவப்பதை, ஒன்றையும் விடாமல் பார்த்தேன்.

வழக்கறிஞர் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். முடிந்துவிட்டது என்று நினைத்து வேரா தலையைத் தூக்கினான்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றேன்.