வழிமொழிய ஆளில்லாத வென்டல் ஹாஸ்

1981ஆம் ஆண்டு மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, ப்ளம் ஃபோர்ட் நகர மன்றத்தின் மூன்றாவது வார்டு உறுப்பினர் வென்டல் ஹாஸ் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். வழிமொழிய ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் நாற்காலியை விட்டு மெதுவாக எழும்பிக் கூரையில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அன்றைக்கு அடுத்ததாக இருந்தது குப்பை லாரிக்கு டயர் வாங்கும் விஷயம். அதை எடுப்பதற்கு முன்னால் மேயர் மில்டன் க்ரெய்ச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "வென்டல், இறங்குற எண்ணம் இருக்கா?" என்று கேட்டார். "எண்ணமெல்லாம் இருக்கு மில்டன். இறங்கத்தான் வரல" என்றார் வென்டல். டயர் தீர்மானம் நிறைவேறியது. வென்டல் மேலிருந்தே ஆதரித்து ஓட்டுப் போட்டார்.

விவகாரம் கேபிள் டிவியால் வந்தது. அதுவரை நெப்ராஸ்காவின் எங்கள் மூலையில் இரண்டு சானல்கள்தான் தெரியும். அதிலும் ஒன்றில் எல்லாக் காலத்திலும் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகளாகப் பனி பெய்துகொண்டிருக்கும். டென்வரிலிருந்து ஒரு கம்பெனி வந்து, முப்பத்தாறு சானல்கள் தருகிறோம், பதினைந்து வருடத்துக்கு எங்களைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி தரக்கூடாது, கைம்மாறாக ஒரு சானலில் உங்கள் மன்றக் கூட்டத்தையே நேரடியாகக் காட்டுகிறோம் என்றது. தங்கள் முகத்தை டிவியில் பார்க்கலாம் என்றதும் உறுப்பினர்கள் அத்தனை பேரும் முடி வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. மைலுக்கு நாற்பது வீடு இல்லாத இடத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது. எனவே கேபிள் ரயில் தண்டவாளத்தோடு நின்றுவிடும். இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊரில் தார் ரோடு தண்டவாளத்தோடு நின்றது. தெருவிளக்கு அங்கே நின்றது. பனி அள்ளும் வண்டி தண்டவாளம் வரை போய் மரியாதையாகத் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் இருந்தது பீட் ரோடு. சர்க்கரை ஆலையிலும் அதற்கான பீட் கிழங்கு வயல்களிலும் மூன்று தலைமுறையாக வேலை செய்யும் மெக்சிகோக் குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களும் நகரத்துக்கு வரி கட்டினார்கள். வரி மட்டும் தண்டவாளத்தைத் தாராளமாகத் தாண்டி வந்தது.

வென்டல் கல்லறைக்கல் வியாபாரி. அந்தக் குளிர்காலத்தில் பீட் ரோட்டுக்கு ஒரு கல்லைக் கொண்டுபோனபோது லாரி அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. அங்கிருந்த ஆண்கள் வந்து முதலில் கல்லையும் பிறகு லாரியையும் தூக்கிவிட்டு, இதெல்லாம் இங்கே வாரம் ஒருமுறை நடப்பதுதான் என்பதுபோல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது அவர் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் அன்றைய கூட்டத்தில் எழுந்து, "தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எது வந்தாலும் அந்தப் பக்கமும் வரணும். கேபிள்லேர்ந்து ஆரம்பிப்போம். இல்லாட்டி கம்பெனிக்கு அனுமதி கிடையாது" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கம்பெனி ஆள் ராய்ஸ் தன் பெட்டியை டக்கென்று மூடினார். அந்த ஒரு சத்தத்தில் மற்ற நான்கு உறுப்பினர்களின் நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முதல் மாதம் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்துக் காலைப் பிடித்து இழுத்தார்கள். வந்தார், விட்டதும் போய்விட்டார். அவர் கடையிலிருந்தே ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து இடுப்பில் கட்டினார்கள். கல்லும் தரையை விட்டு லேசாக எழும்பவே பயந்துபோய் அவிழ்த்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றால் வழியில் வானம் இருந்தது. அந்த ஆபத்தை யாரும் ஏற்கத் தயாராக இல்லை. தீர்மானம் காலாவதி என்று மேயர் மூன்று முறை அறிவித்தார். மூன்று முறையும் வென்டல் பணிவாகக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். நகர வக்கீல் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "யாராவது ஒருத்தர் வழிமொழிஞ்சிட்டாப் போதும். ஒத்துக்கணும்னுகூட இல்ல. இதப் பத்திப் பேசலாம்னு சொல்றதுதான் வழிமொழியறது. பேசிட்டு, நாலு பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டுக்கலாம்" என்று தெளிவாகச் சொன்னார். உறுப்பினர்கள் ராய்ஸைப் பார்த்தார்கள். ராய்ஸ் பெட்டியைப் பார்த்தார். ஏப்ரலில் பீட் ரோடு இல்லாமல் அனுமதி வழங்கப்பட்டது, நான்குக்கு ஒன்று.

அவருடைய மனைவி லொரெய்ன் வீட்டின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி சுருட்டிவிடும் கடை வைத்திருந்தாள். கேபிள் வேண்டும் என்று ஊரில் முதலில் துடித்தவளே அவள்தான். புருஷன் கூரைக்குப் போன பிறகு தினமும் மன்றத்துக்கு வந்து, நீளமான கம்பு ஒன்றில் கூடையைக் கட்டி, முட்டைக்கோஸும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பன்னையும் காபிக் குடுவையையும் ஏற்றிவிடுவாள். ஆரம்பத்தில் கோபமாக ஏற்றினாள். பிறகு பழகிவிட்டது. ஆனால் இரட்டைக் கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் கசங்குவது அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை. நான்கு உறுப்பினர்களின் வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டினாள். நாற்காலி போட்டு, வீட்டில் சுட்ட ஆப்பிள் பலகாரம் கொடுத்து, அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். அவள் பலகார டப்பாவோடு திரும்பி வந்தாள்.

வருடங்கள் ஓடின. கேபிள் வந்தது. மூன்றாம் சானலில் மன்றக் கூட்டம் வந்தது. திரையின் மேல்விளிம்பில் வென்டலின் பழுப்பு ஷூக்கள் எப்போதும் தெரிந்தன. குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார்கள். 1984 தேர்தலில் அவரை எதிர்க்க ஆள் இல்லை. ஒரு கூட்டத்துக்குக்கூட வராமல் இருந்ததில்லை என்று வேறு எந்த உறுப்பினரால் சொல்ல முடியும்? கல்லறைக்கல் கடையை மைத்துனன் பார்த்துக்கொண்டான். தண்டவாளம் இருந்த இடத்தில் இருந்தது.

1988இல் லொரெய்னுக்கு ஒரு யோசனை வந்தது. உறுப்பினர் என்பதால்தானே அவருடைய தீர்மானம் தொங்குகிறது; பதவி போய்விட்டால் சாதாரண மனிதனாக இறங்கிவிடுவார். எனவே அவளே மூன்றாவது வார்டில் புருஷனை எதிர்த்து மனுக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் கூடையை ஏற்றும்போது விஷயத்தையும் சொன்னாள்.

"உன்னத் தோக்கடிக்கப் போறேன்."

"நில்லு, யார் வேணான்னா. ஆனா பீட் ரோட்டு ஓட்டு எனக்குத்தான்."

"உன்ன அவங்க பாத்தே ஏழு வருஷமாச்சு வென்டல். அவங்களுக்குத்தான் கேபிள் இல்லையே."

வென்டல் பன்னை மென்றுகொண்டே இருந்தார். அது அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் லொரெய்ன் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தண்டவாளத்தைத் தாண்டினாள். சேறு அவளுடைய நல்ல ஷூ இரண்டையும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டது. முதல் வீட்டின் கூரைமேல் யூசேபியோ அரெடோண்டோ என்ற சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஃபுட்பால் மேட்ச் ஓடியது. அவர் பிடித்தால்தான் படம் தெரியும்; விட்டால் பனி.

"நீங்க மேலேர்ந்து பேசுறவங்களோட பழகினவங்கதானே மிஸஸ் ஹாஸ், அப்படியே நின்னு சொல்லுங்க" என்றார்.

அவள் ஓட்டுக் கேட்டாள். ஜெயித்தால் என் புருஷன் இறங்கிவிடுவார் என்று உண்மையைச் சொன்னாள்.

"அவர் இறங்கிட்டா அந்தத் தீர்மானம் என்ன ஆகும்?"

ஏழு வருடத்தில் அந்தத் தீர்மானத்தைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. அது அவளுக்குப் புருஷனைப் பிடித்த ஒரு நோய், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்ற, ஸ்கோர் என்ன என்று கேட்டாள்.

"நான் எங்க பாத்தேன்? பசங்க கத்துறத வச்சுத்தான். இந்த டீம் ஆடி நான் கண்ணால பாத்ததே இல்ல."

லொரெய்ன் ஏணியைப் பிடித்து ஏறினாள். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, நல்ல பாவாடை, எதையும் பொருட்படுத்தவில்லை. மேட்சின் கடைசிக் கால் பங்கு முழுக்க அவள் ஆன்டெனாவைப் பிடித்தாள், யூசேபியோ உள்ளே உட்கார்ந்து பார்த்தார். காற்று விரல்களை மரத்துப்போக வைத்தது. கீழே வீடே அதிரும்படி கத்தியபோது, என்ன நடந்தது என்று தெரியாமல் அவளும் சேர்ந்து கத்தினாள்.

பீட் ரோடு மொத்தமும் அவளுக்கு ஓட்டுப் போட்டது. வென்டலுக்கும் கம்பில் ஓட்டுச்சீட்டு ஏற்றினார்கள்; யாருக்குப் போட்டார் என்று அவர் சொன்னதில்லை. டிசம்பர் கூட்டத்துக்கு ஊரே திரண்டது. தீயணைப்புக்காரர்கள் வென்டலுக்கு நேர் கீழே மெத்தை விரித்தார்கள். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக லொரெய்ன் காரின் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுவிட்டு வந்தாள். கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக்கொண்டாள். எல்லாரும் மேலே பார்த்தார்கள். வென்டல் இறங்கவில்லை. அவரே ஒருமுறை காலை உதைத்துப் பார்த்தார். மேயர் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, "சரி, இனிமே அவர் பொதுமக்கள்ல ஒருத்தர். பேசணும்னா மூணு நிமிஷம்" என்றார். லொரெய்ன் தன் புது நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். மூன்றாம் சானல் அதையும் காட்டியது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து பேச அனுமதி கேட்டாள். கடைசி வரிசையில் ராய்ஸ் இருந்தார். தலை நரைத்திருந்தது, பெட்டி அதேதான். அவருக்கு முன்னால் பீட் ரோட்டுக்காரர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் என்னென்ன இருக்கோ, அதெல்லாம் அந்தப் பக்கமும் வரணும்" என்றாள். "ரோடு, விளக்கு, பனி வண்டி, கேபிள். முன்மொழியறேன்."

"யோசிச்சுச் சொல்லு லொரெய்ன்" என்றார் மேயர்.

"சொல்லிட்டேன் மில்டன். வழிமொழிய ஆள் உண்டான்னு கேளு."

மேயர் கேட்டார். நான்கு பேரும் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். மேயர் இரண்டாம் தடவை கேட்டபோது லொரெய்னின் குதிகால்கள் தரையை விட்டிருந்தன. அவள் பாவாடையை ஒரு கையால் முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விளக்கைத் தாண்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் மேலே போனாள். வென்டல் கையை நீட்டி அவளைப் பிடித்துக்கொண்டார். ஏழு வருடமாகத் தொட்டிராத கை அது.

"உனக்கென்ன பைத்தியமா?"

"தள்ளிக்க. இந்தக் குழாய் இடிக்குது."

யூசேபியோ எழுந்து நின்றார். "மேயர் சார், எங்க பக்கத்து ஆள் ஒருத்தர் இந்த மன்றத்துக்கு நிக்கணும்னா எப்ப மனுக் கொடுக்கணும்?" என்று கேட்டார்.

"நாலு வருஷம் கழிச்சு" என்றார் மேயர்.

யூசேபியோ கூரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். "இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒருவர் வெளியே போய் லொரெய்னின் காரை அணைத்துவிட்டு வந்தார். கேமராக்காரர் கேமராவைச் சற்று உயர்த்தினார். கூரை கட்டாந்தரைபோல் இருக்கிறது, இருவரின் தலையும் இடிக்கும் என்பதால் மேலே மெத்தை அடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கும் உறுப்பினர் முன்மொழிந்தார். மற்ற மூன்று பேரும் ஒரே மூச்சில் வழிமொழிந்தார்கள். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து விழுந்த அந்த ஒரு ஓட்டு மேலிருந்து வந்தது.