அனிஷா எத்தனை மணிக்கு வரும்

மகள் பிறந்த கையோடு தொடங்கிய கடை என்பதால் அமலோற்பவம் அதற்கு மகளின் பெயரையே வைத்தாள். மில்லர்புரத்தில் ‘அனிஷா மக்ரூன்’ என்றால் ஆட்டோக்காரர்கள் வழி கேட்காமல் வருவார்கள். பெரிய பேக்கரிகளில் விளம்பரம் பார்க்கத் தனி ஆள் உண்டு. இவளுக்கு வாய்த்தது ஒரு செல்போன்தான். கடைப் பெயரை நெட்டில் யார் எங்கே எழுதினாலும் மணி அடிக்கும்படி அனிஷா அதில் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தாள். மணி அடித்துவிட்டால் போதும், கையில் முட்டை வெள்ளைக்கரு வழிந்தாலும் துடைத்துக்கொண்டு ஓடிவருவாள். பாராட்டுக்கு நன்றி, திட்டுக்கு மன்னிப்பு, கேள்விக்குப் பதில். ஒருத்தரையும் காக்கவைத்ததில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அன்று சாயங்காலமும் மணி அடித்தது. முகப்படம் இல்லாத ஒருவர், அடிக்கடி எழுதுகிறவர்தான். ‘அனிஷாவுக்கு மஞ்சள் எடுப்பா இருக்கு’ என்று போட்டிருந்தார்.

நன்றி என்று பாதி தட்டியவள் நிறுத்தினாள். மக்ரூன் வெள்ளை. வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்தால் வேறென்ன நிறம் வரும்? மஞ்சளில் அவள் ஒன்றுகூடப் போட்டதில்லை.

மஞ்சள் சுடிதாரில் சற்று முன்புதான் அனிஷா ஸ்கூட்டியில் கிளம்பிப் போயிருந்தாள்.

அமலோற்பவம் பாதி தட்டிய நன்றியை அழித்தாள். அந்த ஆள் முன்பு எழுதியதையெல்லாம் தேடிப் பார்த்தாள். ‘அனிஷா இன்னைக்கு ஜோரா இருக்கு.’ ‘அனிஷா கண்ணுலயே படலையே.’ பெண்பிள்ளைகளை வருது, போகுது, இருக்கு என்றுதான் இந்தப் பக்கம் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள். பண்டத்துக்கும் பிள்ளைக்கும் ஒரே பேச்சு. அது தெரிந்துதான் எழுதியிருக்கிறான், பாவி. இவள் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லியிருக்கிறாள்.

அதற்கும் கீழே போன வாரத்துக் கேள்வி கிடந்தது. ‘அனிஷா பீச் ரோட்டுக் கடைக்கு எத்தனை மணிக்கு வரும்?’

‘ஆறு மணிக்கு டாண்ணு வந்துரும் சார்.’

‘தனியாவா வரும்?’

கேக்கும் சேர்ந்து வருமா என்று கேட்கிறார் போலும் என நினைத்து, ‘ஆமா சார், தனியாத்தான் வரும்’ என்று ஒரு கும்பிடும் போட்டிருந்தாள்.

பீச் ரோட்டில் அவர்களுக்கு இருந்தது ஒரு சின்னப் பெட்டிக்கடை. கல்லூரி விட்டு வந்து, டப்பாக்களை ஏற்றிக்கொண்டு போய், அனிஷாதான் அதைத் திறப்பாள். இப்போது போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. புருஷன் செபாஸ்டின் எந்தக் கடலில் இருக்கிறானோ, அவன் கப்பலுக்கே வெளிச்சம். பக்கத்து மளிகைக்கடைப் பால்துரை அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ப் போனை நீட்டினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “நல்லாத்தான எழுதியிருக்கான்?”

“அது மக்ரூன இல்ல அண்ணாச்சி. எம் புள்ளைய.”

அவர் மறுபடி படித்தார். வாங்க வந்தவர்களை அப்படியே நிற்கவிட்டுப் பைக்கை எடுத்தார். வழி நெடுக, மாதாவே, மாதாவே என்பதைத் தவிர அமலோற்பவத்தின் வாயில் வேறு சொல் வரவில்லை. ஊரில் உள்ள உப்பு லாரியெல்லாம் அன்றைக்குத்தான் குறுக்கே வந்தது.

பெட்டிக்கடையில் மஞ்சள் தெரிந்தது. அனிஷா டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். போன் கைப்பைக்குள் கிடந்திருக்கிறது. அமலோற்பவம் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா எதற்கு ஓடிவந்திருக்கிறாள் என்று அனிஷாவுக்குப் புரியவில்லை.

“ஏளா, யாராச்சும் வந்தாங்களா?”

“இப்பதாம்மா ஒரு ஆளு வந்தாரு. ஒண்ணும் வாங்கல.”

“முகத்தைப் பாத்தியா?”

“ஹெல்மெட்டைக் கழத்தவே இல்ல. எதைக் கேட்டாலும் உங்கம்மை உடனே பதில் சொல்லுதாங்க, ரொம்ப நன்றின்னு சொல்லிரும்மான்னு சொல்லிட்டுப் போனாரு.”

பால்துரை அண்ணாச்சியே பெட்டிக்கடையின் கதவை இழுத்துப் பூட்டினார். நேரே போலீஸ் ஸ்டேஷன்தான் என்று சொல்லி அனிஷாவின் ஸ்கூட்டியைத் தானே திருப்பி நிறுத்தினார்.

அமலோற்பவத்தின் கையில் மணி அடித்தது. படம் போட்ட ஒரு புதுப் பெயர், பெண் பெயர். ‘அனிஷா இன்னைக்குச் சீக்கிரமே கிளம்பிருச்சே, ஏன்?’

மக்ரூன் வாங்க வந்து ஏமாந்தவளாக இருக்கலாம். அமலோற்பவம் தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்தாள். கடற்காற்று வாங்க வந்த கூட்டத்தில் பாதிப்பேர் கையில் போனை வைத்துக் குனிந்திருந்தார்கள்.