துணைக்கு யாரும் இல்லாத நாற்பது கிலோமீட்டர்

பல் டாக்டர் காட்டுப்பாதையில் தன்னந்தனியாக நாற்பது கிலோமீட்டர் பைக் ஓட்டப் போகிறார் என்ற செய்தி, ஒரு மாதமாக அவரிடம் வாயைத் திறந்து காட்டிய எல்லாருக்கும் தெரியும். குறுக்கே பேச முடியாத நிலையில் இருந்தவர்கள் அவர்கள்தான்.

காரணம் இருந்தது. அவருடைய பைக் சங்கத்தில் தலைவர் பதவி காலி. யார் உதவியும் இல்லாமல் அந்தப் பாதையைக் கடந்து வீடியோ போடுபவருக்கே பதவி என்று சங்கத்தில் தீர்மானம். தார் ரோட்டிலும் கரடுமுரடான பாதையிலும் ஓடக்கூடிய பைக் டாக்டரிடம் இருந்தது. அது இதுவரை தார் ரோட்டை விட்டு இறங்கியது கிளினிக் வாசலில் நிறுத்துவதற்கு மட்டும்தான். கூட ஒரு கேன் பெட்ரோல் கட்டிக்கொள்ளச் சொன்னாள் மனைவி. கேன் தொங்கினால் படத்தில் பால்காரன் மாதிரி இருக்கும் என்று மறுத்துவிட்டார்.

நாற்பது கிலோமீட்டருக்கு டாங்க்கில் இருந்தது தாராளம். ஆனால் தனியாகப் போகிறவன், தான் தனியாகப் போவதைத் தானே படம் பிடிக்க வேண்டும். கேமராவைப் பாறைமேல் வைத்துவிட்டுப் பின்னால் போய், அதைத் தாண்டிச் சீறிக்கொண்டு வந்து, மறுபடி திரும்பிக் கேமராவை எடுக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் போதுமான அளவு தெறிக்கவில்லை என்று ஐந்து முறை கடந்தார். ஒரு மேட்டில் முகம் வீரமாக அமையவில்லை. அதற்கு எட்டு முறை. தார் ரோட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இருமியது, விக்கியது, நின்றது. போனில் சிக்னல் இல்லை.

அரை மணி கழித்து, தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிய பழைய ஸ்கூட்டரில் ஒரு நர்ஸ் வந்தார். வாரம் மூன்று நாள் மலைவீடுகளுக்கு ஊசி போடப் போய்வருகிறவர்.

"அண்ணே, காலைலேர்ந்து மேல நின்னு பாக்கறேன். போறீங்க, வரீங்க, போறீங்க. எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

டாக்டர் நடந்ததை முடிந்தவரை கௌரவமாகச் சொன்னார். தன் ஸ்கூட்டரில் இருக்கும் பெட்ரோல் வீடு போய்ச் சேர மட்டுமே காணும் என்ற நர்ஸ், டாக்டரைப் பைக்கில் ஏறி உட்காரச் சொல்லி, ஸ்கூட்டரை ஓட்டியபடியே பைக்கின் கால்கட்டையில் ஒரு காலை ஊன்றித் தள்ளிக்கொண்டு கிளம்பினார். பெட்டியில் ஐஸ் கரைவதற்குள் போக வேண்டும் என்பதால் வேகத்தைக் குறைக்கவில்லை. வளைவுகளில் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். பிரேக்கைத் தொடக்கூடாது என்று இரண்டு முறை அதட்டல் வாங்கினார்.

தார் ரோடு வந்தது. அங்கிருந்து பெட்ரோல் பங்க் வரை இறக்கம்தான், உருண்டே போய்விடலாம். டாக்டர் தொண்டையைச் செருமி, இது நமக்குள் இருக்கட்டும் என்றார்.

"உங்க பேரே எனக்குத் தெரியாது. நான் யாருகிட்ட போயி என்னன்னு சொல்ல?"

அது டாக்டருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. தன்னைத் தெரியாமல் ஒருத்தி போவதா? வீடியோ சேனலின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். சிக்னல் வந்துவிட்டிருந்ததால் நர்ஸ் அங்கேயே அதில் சேர்ந்துகொண்டார். புது வீடியோ வந்தால் உடனே தெரிய மணிச் சின்னத்தையும் அழுத்தச் சொன்னார் டாக்டர். அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ ஏறியது. முரசுச் சத்தம், கழுகுச் சத்தம், 'துணைக்கு என் நிழல் மட்டும்' என்ற எழுத்து. பத்தே நிமிடத்தில் முதல் கருத்து வந்து கீழே உட்கார்ந்தது.

"சூப்பர் அண்ணே. நான் தள்ளினது வரும்னு கடைசி வரைக்கும் பாத்தேன், காணோம். பங்க் வரைக்கும் உருண்டு போய்ச் சேந்துட்டீங்களா?"

டாக்டர் அதை அழிக்க விரலை நீட்டியபோது, சங்கச் செயலாளர் அதற்கு ஒரு லைக் போட்டு முடித்திருந்தார்.