மாஸ்டரின் இருபத்தைந்து ரூபாய்

சீலா மாதம் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டு எழுதியிருந்தாள். மாமா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஒண்டரை வருசமா இருபத்தைஞ்சு காணுமாயிருந்தது. இப்ப திடீரெண்டு போதாதாம். சாப்பாட்டுக்கும் அறைக்கும் தவணைக் காசு நான் வேறையாக் கட்டிறன். உது என்ன புதுச் செலவு, ஏர்னெஸ்ட்?”

“தெரியாது, மாமா.”

உண்மையாகவே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சீலா என் மனைவி ஐரிஸின் ஒரே தங்கை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஐரிஸ் அந்த வருடம், அறுபத்தாறு, பெப்ரவரியில் இறந்தாள். நாலு நாள் காய்ச்சல். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. மாமி ஐந்து வருடத்துக்கு முன்னரே போய்விட்டார். அதனால் பண்டத்தரிப்பு வீட்டில் மிஞ்சியது மாமாவும் நானும். வீடு ஐரிஸின் சீதனம். பிள்ளையில்லாமல் அவள் போனபடியால் எங்கள் வழமைப்படி அது தங்கைக்குப் போகவேண்டும். அதைப்பற்றி மாமாவும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. காலையில் படிப்பிக்கப் போவேன், பின்னேரம் திரும்பி வருவேன். சமைக்க ஒரு மனுசி வந்துபோனாள்.

மாமாவை ஊரில் கனகரட்ணம் மாஸ்டர் என்பார்கள். தலைமை ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தேவாலயத்துக்குப் பொருளாளர். சீலாவுக்குப் பேராதனை கிடைத்த அன்று ஒரு கொப்பித் தாளில் செலவு எழுதினார். சவர்க்காரம், பற்பசை, முத்திரை, துணி வெளுப்பு, நாலு ஞாயிற்றுக் காணிக்கை, கண்டிக்கு இரண்டு பஸ் பயணம், எதிர்பாராதது இரண்டு ரூபாய். கூட்டினால் இருபத்துநாலு அறுபது. அதை இருபத்தைந்தாக்கினார்.

“நாப்பது சதம் அவளின்ரை இஷ்டத்துக்கு” என்றார்.

ஐரிஸ் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்கள் ஆராதனை முடிந்ததும் அவரைத்தான் கேட்பார்கள். கூட அனுப்பினால் பிள்ளை பழுதாய்ப் போகும், குறைய அனுப்பினால் கைநீட்டும். எவ்வளவு சரி, மாஸ்டர்? அவர் சட்டைப்பையிலிருந்து சீலாவின் பழைய கடிதத்தை எடுத்துக் காட்டுவார். ‘அனுப்புகிற காசு காணும், அப்பா’ என்ற வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நாலு வீடுகளில் அதுவே சட்டமானது. சந்தையில் கடை வைத்திருந்த யாகோப்பு மகனுக்கு நாற்பது அனுப்பிக்கொண்டிருந்தவர், இருபத்தைந்தாகக் குறைத்தார்.

காசோடு மாதம் ஒரு பார்சலும் போனது. ஐரிஸ் பயற்றம் பணியாரம் சுட்டு ஒரு பிஸ்கற் தகரத்தில் அடுக்குவாள். தகரத்தைத் துணியில் சுற்றிக் கயிறு போடும்போது மாமா முடிச்சில் விரலை வைத்துக் கொடுப்பார். பிறகு அவரே தபால் கந்தோருக்குக் கொண்டுபோவார். பெப்ரவரிக்குப் பிறகு பார்சல் போகவில்லை. பணியாரம் சுட ஆளில்லை என்று இருவரும் விட்டுவிட்டோம்.

பத்து ரூபாய் கூட்ட முடியாது என்று மாமா பதில் எழுதினார். சீலா மறுபடி கேட்கவில்லை.

ஜூலை கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாகோப்பு எங்களோடு சேர்ந்துகொண்டார்.

“மாஸ்டர், என்ரை பெடியன் வந்திருக்கிறான். சீலாப்பிள்ளையின்ரை கையிலை மணிக்கூட்டைக் காணேல்லையாம். பின்னேரத்திலை ஒருத்தரோடையும் சேருறேல்லையாம், தனியத் திரியிறாவாம். நான் ஒண்டும் சொல்லேல்லை, கேட்டதைச் சொல்லுறன்.”

“ஒண்டும் சொல்லாமல் இவ்வளவும் சொல்லிப்போட்டீர்” என்றார் மாமா.

யாகோப்பு சிரித்துவிட்டு என் தோளில் தட்டினார். “கூட்டிவந்து வீட்டோடை வைச்சிருங்கோ, மாஸ்டர். மருமோனும் வீட்டோடை, மகளும் வீட்டோடை. பந்தலும் ஒண்டுதான், பாதிரியாரும் ஒண்டுதான்.”

அவருடைய மனைவி இராசமலர் அவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த மணிக்கூடு ஐரிஸின் முதற் சம்பளத்துக்கு முன்னரே மாமா அவளுக்கு வாங்கிக் கொடுத்தது. சீலா பேராதனைக்குப் போகும்போது ஐரிஸ் அதைக் கழற்றித் தங்கையின் கையில் கட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்னார்: “மணிக்கூட்டை வித்திருக்கிறாள். கூடக் காசும் கேக்கிறாள். ஆரோ ஒருத்தன் இருக்கிறான். வாற கிழமை லீவுக்கு வருவாள். நீர் போய்க் கூட்டிக்கொண்டு வாரும். இனி அங்கை போகத் தேவையில்லை.”

“சரி, மாமா.”

அதைத்தான் சொன்னேன்.

சுன்னாகம் ஸ்டேசனில் ரயில் ஒரு மணி நேரம் பிந்தி வந்தது. சீலா மெலிந்திருந்தாள். ஒரு கையில் சூட்கேஸ், மற்றக் கையில் ஐரிஸ் கடைசியாக அனுப்பிய பிஸ்கற் தகரம். சூட்கேஸை நான் வாங்கினேன். தகரத்தைத் தரவில்லை. பஸ்ஸுக்கு நிழலில் நின்றோம்.

“மணிக்கூடு எங்கை?”

“பக்கத்து அறைப் பிள்ளைக்கு வித்துப்போட்டன், நாப்பத்தைஞ்சு ரூபாய்க்கு. இப்ப நேரம் பாக்கிறதெண்டா அவளிட்டைத்தான் கேக்கிறனான்.” சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

“ஏன் வித்தனீர்?”

“அத்தான், நீங்கள் கேக்கிறியளா?”

“ஏன், நான் கேக்கக்கூடாதோ?”

அவள் என்னைப் பார்த்தாள். தகரத்தின் மூடியைத் திறந்தாள். அடியில் எண்ணெய்த்தாள் ஒன்று வட்டமாக வெட்டிப் போட்டிருந்தது. ஐரிஸ் வெட்டியது. அதன் ஓரத்தை நகத்தால் தூக்கினாள்.

“இதுக்குக் கீழை மாதம் பத்து ரூபா இருக்கும். அக்கா வைச்சு விடுவா. நீங்களும் சேந்துதான் வைக்கிறியள் எண்டு நினைச்சன். அக்கா போனாப்பிறகு நீங்கள் நிப்பாட்டிப்போட்டியள் எண்டு நினைச்சன். அதாலைதான் அப்பாவுக்கு எழுதினன்.”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

ஐரிஸும் படிப்பித்தவள். அவளுடைய சம்பளத்தை நான் கேட்டதில்லை. அவள் இறந்த பிறகு அவளைப்பற்றிப் புதிதாக நான் அறிந்த ஒரே விஷயம் அதுதான்.

“பத்து ரூபாயிலை என்ன செய்தனீர்?”

“செடி பிடுங்கப் போற பஸ். படம் கீறுற தாள். பொம்பிளைப் பிள்ளையளுக்கு வேண்டிய சாமான், அதை அப்பாவின்ரை பட்டியலிலை எழுதேலுமா? பிறகு தேத்தண்ணி. அறையிலை நாலு பேர். பின்னேரத்துக்கு ஒராள் முறை வைச்சு எல்லாருக்கும் வாங்கிறது. காசு நிண்டாப்பிறகு என்ரை முறை வர எனக்குத் தலையிடி வந்திடும். மூண்டாந்தரம் அவையள் தாங்களே வாங்கிவந்து என்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை வைச்சிட்டுப் போச்சினம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் மணிக்கூட்டைக் குடுத்தன்.”

“இனி நான் அனுப்பிறன்.”

“வேண்டாம். அத்தான் அனுப்பிற காசுக்கு ஊர் என்ன பேர் வைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். யாகோப்பு என் தோளிலேயே தட்டிச் சொல்லியிருந்தார்.

“அப்ப மாமாவுக்குச் சொல்லுவம். அவர் உம்மைத் திரும்ப விடுறேல்லை எண்டு இருக்கிறார்.”

அவள் மூடியைப் போட்டாள். “அதைச் சொல்லாதேங்கோ. அக்கா தன்னட்டை ஒண்டும் ஒளிச்சதில்லை எண்டு சொல்லிச் சொல்லித்தான் அப்பா இருக்கிறார். ஞாயிறு ஞாயிறாய் சேமக்காலையிலை அக்காவின்ரை கல்லறையடியிலை போய் நிக்கிறார். நான் படிப்பை விட்டாலும் விடுவன், அதைச் சொல்ல மாட்டன்.”

பஸ் வந்தது.

மாமா முன் அறையில் இருந்தார். சீலாவைத் தேத்தண்ணி குடிக்க விட்டார். அவள் கோப்பையை வைத்ததும் தொடங்கினார்.

“மணிக்கூடு?”

“வித்திட்டன், அப்பா.”

“ஆருக்காக?”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சீலாவுக்கு விளங்கியது. “ஒருத்தருக்காகவும் இல்லை” என்றாள்.

“அப்ப காசு எங்கை போகுது? காணும் எண்டு எழுதினவளும் நீதானே?” சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. “உன்ரை எழுத்துத்தானே?”

“ஓம்.”

“பிறகு?”

அவள் குனிந்து பார்த்தாள். தகரம் மடியில் இருந்தது.

“சரி. படிச்சது காணும். இந்த வீடும் உனக்குத்தான் வருகுது. ஏர்னெஸ்டும் இங்கைதான் இருக்கிறார். வருசம் திரும்பட்டும், பாதிரியாரோடை கதைப்பம்.”

பரீட்சை நேரசூசி வாசிப்பதுபோல அதைச் சொன்னார். அவருக்கு அதில் கோபம்கூட இல்லை. சீலா தகரத்தின் மூடியை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பட்டம் எடுக்க இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அவள் சொல்லப் போவதில்லை என்று கண்டேன்.

“மாமா” என்றேன். “இருபத்தைஞ்சு ஒரு நாளும் காணேல்லை.”

“என்ன?”

“ஐரிஸ் மாதம் பத்து ரூபா வைச்சு அனுப்பினவள். பணியாரத் தகரத்துக்குள்ளை. அதோடை சேத்துத்தான் காணும் எண்டு சீலா எழுதினவ.”

“அத்தான்!”

மாமா எழுந்து வந்து தகரத்தை வாங்கினார். திறந்து எண்ணெய்த்தாளைத் தூக்கிப் பார்த்தார். கீழே ஒன்றுமில்லை. தாளைத் திரும்பவும் சரியாகப் பதித்தார்.

“இதுக்குள்ளையோ?”

“ஓம்.”

“கயிறு கட்டேக்கை நான்தானே முடிச்சிலை விரல் வைச்சனான். நான்தானே கந்தோருக்குக் கொண்டுபோனனான்.”

மாமா என் பக்கம் திரும்பினார்.

“உமக்குத் தெரியுமோ?”

“இண்டைக்குத்தான் தெரியும், மாமா.”

“உமக்கும் சொல்லேல்லை.”

அதில் அவருக்கு ஆறுதல் இருந்ததா என்று தெரியாது. ஆறு மாதமாக ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவர் என்னை அப்படி நேரே பார்த்தது அன்றுதான்.

“அவள் என்னட்டைக் கேட்டிருக்கலாமே” என்றார், சீலாவிடம்.

“கேட்டிருந்தா தந்திருப்பியளா, அப்பா?”

கேள்வியை உண்மையாகவே யோசித்தார்.

“மாட்டன்” என்றார்.

தகரத்தைக் கொண்டுபோய்த் தன் அறையில் வைத்தார். சனிக்கிழமை வரைக்கும் அவர் எங்களோடு கதைத்தது உப்பு, தண்ணீர், கதவு இவற்றைப்பற்றித்தான். கொப்பித் தாள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இருந்ததை ஒருமுறை கண்டேன். அதில் ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாகோப்பு வந்தார்.

“என்ன மாஸ்டர், பிள்ளை வந்திட்டா. கலியாணச் சாப்பாடு எப்ப?”

“பிள்ளை லீவு முடியத் திரும்பிப் போறா” என்றார் மாமா. “யாகோப்பு, உம்மடை பெடியனுக்கு இனி நாப்பது அனுப்பும்.”

“முந்தி நான் அனுப்பினது அதுதானே! நீங்கள்தானே குறைக்கச் சொன்னியள்.”

“பிழையாச் சொல்லிப்போட்டன்.”

மற்ற வீட்டாரும் நின்றார்கள். மாமா தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூட மண்டபத்தில் கதைக்கிற குரலில் சொன்னார்: “எல்லாருக்கும்தான் சொல்லுறன். என்ரை மூத்த பிள்ளை எனக்குத் தெரியாமல் பத்து ரூபா சேத்து அனுப்பியிருக்கிறாள். நான் அதை இருபத்தைஞ்சின்ரை கெட்டித்தனம் எண்டு நினைச்சிட்டன்.”

இராசமலர் பாட்டுப் புத்தகத்தின் மட்டையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“நாங்கள் நாப்பதுதான் அனுப்பிறம், மாஸ்டர்” என்றாள், புருசனைப் பாராமல். “பதினைஞ்சு என்ரை முட்டைக் காசு.”

“என்னப்பா!” என்றார் யாகோப்பு.

பின்னால் ஒரு பெண் சிரித்தாள். இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள், ஆனால் அவளும் தன் புருசனின் பக்கம் பார்க்கவில்லை. மாமா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு சேமக்காலைப் பக்கம் நடந்தார். அடக்கத்துக்குப் பிறகு நான் அங்கே போனதில்லை. அன்று அவருக்குப் பின்னால் போனேன். கல்லறையடியில் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. தூரத்தில் நின்றேன்.

அடுத்த கிழமை சாவகச்சேரிக்கு மாற்றம் கேட்டு எழுதினேன். அங்கே என் தமக்கை இருந்தாள். கடிதத்தை மாமாவிடம் காட்டினேன்.

“ஏன்?”

“சீலா லீவுக்கு வீட்டை வரவேணும், மாமா.”

அவர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். “ஓம்” என்றார். “வரத்தான் வேணும்.”

மாற்றம் கிடைத்து நான் போன பிறகு, ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை பண்டத்தரிப்புக்கு வருவேன். முதன்முறை வந்தபோது சமைக்கிற மனுசி பணியாரம் சுட்டிருந்தாள். கல்லுப்போல இருந்தது. மாமா தகரத்தில் புது எண்ணெய்த்தாள் போட்டு அடுக்கினார். பழையது அவருடைய வேதப் புத்தகத்துக்குள் இருந்தது. முப்பத்தைந்து ரூபாய் மணியோடர் முதல் நாளே போய்விட்டது.

“தகரத்துக்குள்ளை நீர் ஒண்டும் வைக்கேல்லைத்தானே?” என்றார். “தபால் சட்டத்துக்கு விரோதம்.”

“வைக்கேல்லை, மாமா.”

துணியைச் சுற்றிக் கயிற்றைக் குறுக்காகப் போட்டார். ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தினார்.

“விரலை வையும்.”

வைத்தேன். அவர் இழுத்துக் கட்டினார். கயிறு விரலில் வெட்டியது. நொந்தது. நான் உடனே எடுக்கவில்லை.