ரிலேயின் மேல் ஒரு விரல்

பதினோரு நாளாகக் கார் அவள் ஒருத்தியின் பொறுப்பில் இருந்தது. நேற்று வேலை முடிந்து திரும்பும்போது, நெரிசலில் நின்ற இடத்தில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. வண்டி நகர்ந்ததும் இறங்கியது. நின்றதும் மறுபடி ஏறியது.

நாளைக்கு அதிகாலை ஷிஃப்ட். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. பக்கத்தில் இருந்த இரண்டு ஒர்க்‌ஷாப்பும் திங்கட்கிழமைதான் திறக்கும். வேறு வழியில்லாமல் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் வேறு ஊரில் வாடகை வேன் ஓட்டுகிறவன்.

அவனைக் கேட்பதில் ஒரே ஒரு சங்கடம். கணவர் வீட்டை விட்டுப் போனதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் காதில் விழுந்தால் அரை மணியில் அம்மா காதில் விழும். அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்துவிடுவாள்.

"என்ன சயின்டிஸ்ட், தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் எண்ணுற. வண்டித் தண்ணி கொதிக்கிறது தெரியலையா?"

"தெரிஞ்சதாலதானே கூப்பிடுறேன்."

"மாப்ள எங்க?"

"குளிக்கிறார்."

"மத்தியானம் ரெண்டு மணிக்கா? குடுத்து வச்ச மனுஷன். சரி, ஓடும்போது சூடு இறங்குது, நின்னா ஏறுதுன்னா ஃபேன் சுத்தலைன்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணி ஏ.சி.யைப் போடு, ஃபேன் சுத்தியாகணும்."

அவள் உள்ளே உட்கார்ந்தாள். சீட் இன்னும் அவருடைய நீளக் கால்களுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியே இருந்தது. இத்தனை நாளும் அதன் நுனியில் உட்கார்ந்தே ஓட்டியிருந்தாள். ஏ.சி.யைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனின் இறக்கைகள் அசையவில்லை. ஏ.சி.யையும் எஞ்சினையும் அணைத்து, ஃப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே இருந்த கம்பி முழுசாக இருந்தது. திரும்பச் செருகினாள்.

"அப்ப ரிலே. ஃபேனுக்குக் கரண்டைத் தொறந்து விடுறது அதுதான். ஃப்யூஸ் பெட்டியிலயே இருக்கும், தீப்பெட்டி மாதிரி கறுப்பா. ஏ.சி. போட்டதும் அது 'டிக்'குனு அடிக்கணும். எஞ்சின் சத்தத்துல காதுல விழாது, விரல்லதான் தெரியும். நீ விரலை வை. மாப்ளயை உள்ள உக்காந்து சுவிட்சைப் போடச் சொல்லு. குளிச்சாச்சுல்ல?"

"ஆச்சு."

எஞ்சினை மறுபடி ஓட விட்டாள். ரிலேயில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு கையைக் கதவுப் பக்கம் நீட்டிப் பார்த்தாள். வைப்பரைத்தான் தொட முடிந்தது. அண்ணன் காத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஏ.சி. போடுங்க!" என்று காலி சீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். எதிர்வீட்டுப் பூனை மட்டும் திரும்பிப் பார்த்தது. சத்தமில்லாமல் சுற்றி ஓடி சுவிட்சைப் போட்டாள். ஓடி வந்து விரலை வைப்பதற்குள் அடிக்க வேண்டியது அடித்து முடிந்திருக்கும். அடித்திருந்தால்.

"என்ன, அடிச்சுதா?"

"அடிச்சுது."

"அப்ப ரிலே நல்லாருக்கு. மோட்டார்தான் போச்சு. எதுக்கும் பேட்டரியில இருந்து நேரா ரெண்டு வயர் குடுத்துப் பாத்துரு."

எஞ்சினை அணைத்தாள். உடைந்த மேசை விளக்கின் வயரை வெட்டி, ஃபேனின் இணைப்பைக் கழற்றி, அண்ணன் சொன்னபடி வைத்தாள். ஒரு பொறி தெறித்தது. ஃபேன் சுழன்று முகத்தில் காற்றடித்தது. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. சொல்லத் திரும்பினாள். திரும்பிய பக்கம் சுவர்தான் இருந்தது.

"ஓடுதுண்ணா."

"ஓடுதா? ரிலே அடிக்குது, மோட்டார் ஓடுது, ஆனா ஃபேன் சுத்தலையா? அப்ப நடுவுல எங்கயோ வயர் அறுந்திருக்கு. அது பெரிய வேலைம்மா, நீ கைய வைக்காத. வண்டியை எடுக்கவும் எடுக்காத. காலைல மாப்ளயே பைக்ல கொண்டுபோய் விடட்டும். போனை அவர்கிட்ட குடு, நான் சொல்றேன்."

அவள் ரிலேயைப் பார்த்தபடி நின்றாள். பரிசோதனைக் கூடத்தில், எடுக்காத அளவை எடுத்ததாக எழுதினால் வேலை போய்விடும். ஒரு பொய் எண் உள்ளே வந்துவிட்டால் அதற்குப் பிறகு வருகிற எதையும் நம்ப முடியாது. ஒருவேளை அறுந்தே இருக்காத வயரை அண்ணன் அங்கிருந்தபடி தேடிக்கொண்டிருந்தான்.

"ஹலோ? மாப்ளகிட்ட குடும்மா."

"ரிலே அடிச்சுதான்னு எனக்குத் தெரியாதுண்ணா."

"இப்பதானே அடிச்சுதுன்ன?"

"சும்மா சொன்னேன். நான் விரலை வச்சா, சுவிட்சைப் போட ஆள் இல்ல."

"என்னம்மா சொல்ற? அவரு எங்க?"

"போயிட்டார். பதினோரு நாளாச்சு." எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "அவரா போகலைண்ணா. நான்தான் போகச் சொன்னேன்."