ஏழாவது தண்ணீர்

மின்சூளையின் மூடியைத் திறந்த ஆனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடல்பச்சையாக வந்திருக்க வேண்டிய கிண்ணம், யாரோ காறித் துப்பியதை நெருப்பில் வாட்டியதுபோல் உட்கார்ந்திருந்தது. பூசிய மெருகு முழுக்கக் கொப்புளம். இப்படிக் கெட்டது இது இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயல் கோயிலில் நாத்தனார் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தண்ணீர் ஏந்தத் தன் கையால் செய்த கிண்ணம் தருவதாகச் சொன்னவள் அவள்தான். மெருகு பூசாத கிண்ணம் இன்னும் ஒன்றுதான் மீதி.

துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த அவள் கணவன் பெவின் எட்டிப் பார்த்தான்.

"ஏளா, கரையில செத்து ஒதுங்குன சொறிமீன் மாதிரில்லா இருக்கு."

"மெருகுல சிப்பிப் பொடி கலந்தேன். நம்ம கடல் சிப்பின்னு ஒரு ஆசை. கழுவித்தான் அரைச்சேன்."

"எத்தன தண்ணி?"

"ஒண்ணு."

"கருவாட்டுக்கே மூணு தண்ணி மாத்துத. உப்புல ஊறுன சிப்பிக்கு ஒண்ணா?"

அவன் சிரித்தது எரிச்சலாக இருந்தது. கொப்புளத்துக்கு உப்புதான் காரணம், அவன் சொன்னது சரி என்பது இன்னும் எரிச்சல். அவள் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி பெய்யும் ஊர்களில் குயவர்கள் அமைதியாகக் காத்திருப்பார்கள். அங்கே எதுவும் நாறியதில்லை.

அன்று திங்கள். புதுச் சிப்பிகளை வாளியில் ஊறப் போட்டாள். மூன்றாம் நாள் ஓட்டில் ஒட்டியிருந்த சதை அழுகி, வீடு முழுக்கப் பிண நாற்றம். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, விரலில் வழவழத்ததை வழித்து எறிந்து, தண்ணீர் மாற்றினாள். இரவில் சோற்றைப் பிசைந்த கையிலும் அதே வாடை. தட்டை நகர்த்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே பூசிச் சுட்டால்தான் ஞாயிறுக்குள் ஆறும். ஐந்தாவது தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. வாய் கொப்பளித்துவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எவர்சில்வர் கிண்ணம் ஒண்ணு எடுத்து வச்சிக்கோளா."

"ஊருபூரா சொல்லிட்டேனே மைனி."

கோயிலில் அந்த எவர்சில்வர் கிண்ணம் பளபளத்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. நாத்தனார் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள், ஆனியின் தட்டில் மட்டும் முகம் பார்க்காமல் வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் பின்கட்டுக்குப் போனாள். ஏழாவது தண்ணீர். மேலே மஞ்சள் நுரை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். இன்னும் லேசாகக் கரித்தது. சிப்பிகள் விழாமல் வாளியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எட்டாவது தண்ணீருக்குக் குழாயைத் திறந்தாள். அலமாரியில் மூன்றாவது கிண்ணம், பூச்சில்லாத வெளிர்சிவப்பில், குருவிக்குஞ்சுபோல் வாயைத் திறந்துகொண்டிருந்தது.